மறைகுறியிட்ட வட்டுகளும் மயக்கும் வேகக் கணிப்புகளும்: ஒரு வரலாற்று நோக்கு

1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, லூயி மவுண்ட்பேற்றனின் தலைமையில் இயங்கிய நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு இடம் மாறியது. மகாவலி கங்கை வளைந்து சூழும் பேராதனைத் தாவரவியற் பூங்கா அதன் இருப்பிடமாயிற்று. பர்மாப் போர்முனைக்குரிய செய்திகள் அந்த மரநிழலிலிருந்து வானலை வழியே சென்றன. பகைவர் செவிக்கு எட்டக்கூடிய வழியாதலின், மந்தணச் செய்திகள் யாவும் மறைகுறியிலேயே செல்லவேண்டியிருந்தன. ஒரு கட்டளை எழுதப்பெற்று, மறைகுறியாக மாற்றப்பெற்று, அனுப்பப்பெற்று, மறுமுனையில் மீண்டும் வாசகமாக மாற்றப்பெற்ற பின்னரே அதிகாரியின் கையை அடையும். வானலையின் வேகத்தை மாத்திரம் அளந்து, செய்தி இத்துணை விரைவிற் போய்ச் சேர்ந்தது என்று ஒருவர் கூறுவாராயின், அவர் கூற்றுப் பொய்யன்று. ஆயினும் மறுமுனையிற் காத்திருப்பவனுக்கு அதனாற் பயனில்லை.

போர் வரலாற்றை ஆராய்வது எமது நோக்கமன்று. அப்பூங்காவுக்கு அண்மையில் 1952ஆம் ஆண்டு முதல் நிலைபெற்ற பல்கலைக்கழகத்தின் சுற்றாடலில் இன்று கணனி வட்டுகளைப் பற்றி எழும் ஒரு வினாவுக்கு, மேற்கூறிய நிலைமை நல்லதொரு வாயிலாக அமைகின்றது என்பதாலேயே அதனை முதலிற் குறிப்பிட்டோம். மறைகுறியிட்ட வட்டொன்றின் வேகத்தை அளப்பவர்கள் பெரும்பாலும் தாம் அளக்க எண்ணியதை அளப்பதில்லை. வேறொன்றை அளந்துவிட்டு, அதற்கு வட்டின் பெயரைச் சூட்டிவிடுகின்றனர். கடந்த கால் நூற்றாண்டில் இத்தகைய பிழைகள் பன்முறை நிகழ்ந்துள்ளன. அவற்றாற் சில வேளைகளில் மறைகுறியாக்கம் செலவற்றது போலவும், சில வேளைகளிற் பெருஞ்சுமை போலவும் தோற்றமளித்தது. இரு தோற்றங்களும் மக்களின் பத்திரங்களுக்குரிய பாதுகாப்பைப் பற்றிய முடிவுகளாக மாறின என்பதே ஈண்டு எமக்கு முக்கியமானது.

கண்டி நகரில், தோட்ட மக்களின் பிறப்பு, குடியுரிமை, கடவுச்சீட்டுச் சம்பந்தமான பத்திரங்களைப் படியெடுத்துக் கணனியிற் பேணிவரும் சிறு நிலையம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஈண்டு வேண்டற்பாலதன்று. அந்நிலையத்தார் சில காலத்துக்கு முன்னர் எம்மிடம் ஓர் ஆலோசனை கேட்டனர். பத்திரங்கள் உள்ள வட்டின் வேகத்தை மறைகுறியாக்கம் பாதியாகக் குறைத்துவிட்டதாக ஒருவர் அளந்து காட்டியிருக்கின்றார். ஆதலால் மறைகுறியை நீக்கிவிடலாமா என்பதே அவர்தம் கேள்வி.

கேள்வி சிறிது, அதன் பின்புலம் பெரிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், தாம் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைப் பத்திரங்களாலே நிறுவவேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30இற் செய்யப்பெற்ற சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இக்கதை நீண்டது. லயத்து அறையின் தகரப் பெட்டிக்குள் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் காத்துவந்த தாள் எத்தகையது என்பதை இவ்வாண்டுகளே கூறும். அத்தாள் அழிந்தாலும் கேடு. அந்நியர் கையிற் சிக்கினாலும் கேடு. 1983 யூலையில் வன்செயலாளர் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் இல்லங்களை இனங்கண்டனர் என்று கொழும்பு பற்றிப் பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. பெயரும் முகவரியும் பூர்வீகமும் ஒருங்கே அடங்கிய ஒரு வட்டைப் பூட்டாமல் வைப்பது சிறு காரியமாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைக் காக்கும் வழிகளுள் மறைகுறியாக்கத்தைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது.

எனவே அளவையைப் பற்றிய ஐயத்தை அளவையின் வரலாற்றிலிருந்தே தீர்க்கலாம் எனக் கருதினோம்.

மறைகுறி முறைகளை வேகத்தால் ஒப்பிடும் வழக்கம் வட்டுகளோடு தொடங்கியதன்று. 1977இல் அமெரிக்க அரசின் நியமமாக ஏற்கப்பெற்ற டி.ஈ.எஸ். என்னும் முறை மின்சுற்றுகளில் இயங்குமாறு வகுக்கப்பட்டது. மென்பொருளில் அது மெதுவாகவே நடந்தது. அதற்கு மாற்றுத் தேடி 1997இல் அறிவிக்கப்பெற்ற போட்டியில் 15 முறைகள் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஐந்து இறுதிச் சுற்றுக்கு வந்தன. பெல்ஜிய நாட்டவரான யோன் டாமன், வின்சென்ற் றைமன் ஆகிய இருவரின் முறை 2000 ஒக்டோபரில் தெரிவாகி, 2001 நவம்பரில் ஏ.ஈ.எஸ். என்னும் நியமமாயிற்று. அப்போட்டியில் வேகத்தை ஒப்பிடுவதற்கு 200 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் புறோ முறைவழியாக்கி பூண்ட கணனி அடிப்படைப் பொறியாகக் கொள்ளப்பட்டது. ஆறாம் ஆர்.சி. எனப்பட்ட முறை பெருக்கலையும் சுழற்றலையும் பெரிதும் நம்பியிருந்தது. அப்பொறியில் அது மிக விரைந்து ஓடிற்று. அத்தொழில்களை விரைந்து செய்யாத பொறிகளிற் பின்தங்கியது. ஒரே முறை, ஒரே கணக்கு. பொறி மாறியதும் வரிசை மாறிற்று. வேகம் என்பது முறையின் குணமன்று, முறையும் பொறியும் சேர்ந்தவிடத்துத் தோன்றுவது என்பதை அப்போட்டியின் ஆய்வாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பின்வந்தோர் அதனை எளிதில் மறந்தனர்.

முழு வட்டையும் மறைகுறியிடும் வழக்கம் 2004ஆம் ஆண்டளவிற் பொதுமக்களை எட்டியது. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவில் அவ்வாண்டில் அதற்கென ஒரு பகுதி சேர்ந்தது. ரூகிறிப்ற் என்னும் இலவச மென்பொருளும் அதே ஆண்டில் வெளிவந்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் விஸ்ராவுடன் பிற்லொக்கரை வழங்கியது. வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒரு காவலன் நிறுத்தப்பட்டான் எனலாம். எழுதப்படும் ஒவ்வொரு துண்டையும் அவன் மறைகுறியாக்கி உள்ளே விடுவான். வாசிக்கப்படும் ஒவ்வொன்றையும் விடுவித்து வெளியே தருவான். அவனால் எவ்வளவு தாமதம் என்ற வினா அன்றே எழுந்தது.

அதற்கு விடைகாண வழக்கில் வந்த எளிய சோதனை, வட்டில் பூச்சியங்களாலான ஒரு கோப்பை எழுதி, எத்தனை செக்கனில் முடிந்தது எனப் பார்ப்பதாகும். இச்சோதனையில் இரு குற்றங்கள் உள. பணிசெயல் முறைமை எழுதச் சொன்னவற்றை உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் ஏற்றுக்கொண்டு, "முடிந்தது" என்று விடையிறுத்துவிட்டு, ஆறுதலாக வட்டில் இறக்கும். கோப்பு நினைவகத்திலும் சிறிதாயின், அளக்கப்படுவது நினைவகத்தின் வேகமேயன்றி வட்டினதன்று. வாசிக்கும்போதும் இவ்வாறே: ஒருமுறை வாசித்த கோப்பு பதுக்கு நினைவகத்தில் தங்கியிருக்க, மறுமுறை வட்டையோ காவலனையோ தொடாமலே அது கிடைத்துவிடும். சுழலும் வட்டொன்று செக்கனுக்கு ஆயிரக்கணக்கான மெகாபைற் தந்தது என்று ஒருவர் கூறினால், அவர் கண்டது வட்டையன்று என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் இத்தகைய எண்களைச் சிரிக்காமல் ஏட்டில் எழுதிவைத்தோரை நாம் கண்டிருக்கின்றோம்.

பூச்சியம் பற்றிய மற்றைய குற்றம் திண்மநிலை வட்டுகள் பரவிய காலத்திலே பெரிதாயிற்று. 2010ஆம் ஆண்டையொட்டிச் சந்தையை நிறைத்த பல திண்மநிலை வட்டுகளுக்குச் சாண்ட்போர்ஸ் நிறுவனத்தின் கட்டுப்படுத்தியே மூளையாக இருந்தது. அது வரும் தரவை முதலிற் சுருக்கி, பின்னரே எழுதியது. பூச்சியக் கோப்பைச் சுருக்கினால் எஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆதலால் எழுதும் வேலையும் இல்லை. எளிதிற் சுருங்கும் தரவைக்கொண்டு அளந்த எண்களே விளம்பரத்தில் இடம்பெற்றன. நன்றாக மறைகுறியிடப்பெற்ற தரவோ எவ்வித ஒழுங்கும் அற்றுத் தோன்றுவது. ஒழுங்கு தோன்றுமாயின் அது மறைகுறியே ஆகாது. ஒழுங்கற்றதைச் சுருக்க இயலாது. எனவே மறைகுறி மென்பொருளை இட்டவுடனே அவ்வட்டுகளின் எழுதும் வேகம் வீழ்ந்தது. பழி மறைகுறியாக்கத்தின்மேல் ஏறியது. உண்மையில் வீழ்ந்தது முன்னர் இருந்த மாயத் தோற்றமே. ஒளிப்படங்கள், சுருக்கிய காணொளிகள் முதலிய ஏற்கனவே சுருங்கிய கோப்புகளை மறைகுறியில்லாமல் எழுதியிருப்பினும் அதே வீழ்ச்சியைக் கண்டிருப்பர்.

அந்நிறுவனத்தின் பிற்காலக் கட்டுப்படுத்தி ஒன்றில் இன்னொரு விநோதமும் வெளிப்பட்டது. 256 துணுக்குச் சாவி கொண்டு மறைகுறியிடும் எனச் சொல்லப்பட்டது 128 துணுக்குச் சாவியையே கையாண்டது என 2012இல் இன்ரெல் நிறுவனம் அறிவித்து, தனது வட்டை வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. எந்த வேகச் சோதனையும் அதனைக் காட்டவில்லை, காட்டவும் முடியாது.

இக்காலத்திலேயே முறைவழியாக்கிகளில் ஒரு பெரு மாற்றம் நிகழ்ந்தது. ஏ.ஈ.எஸ். கணக்கைச் செய்வதற்கெனத் தனிக் கட்டளைகளை இன்ரெல் 2008இல் அறிவித்து, 2010இல் வெளிவந்த முறைவழியாக்கிகளிற் சேர்த்தது. அதன் பின்னர் மேசைக் கணனியிற் காவலனின் கை மிக விரைவாயிற்று. அவன் இல்லாத இடத்தில் நடந்ததைக் கைப்பேசியின் வரலாறு காட்டும்.

2014ஆம் ஆண்டின் இறுதியில் அன்ரொயிட்டின் ஐந்தாம் பதிப்போடு வந்த நெக்சஸ் 6 கைப்பேசியிற் சேமிப்பகம் முழுவதும் இயல்பாகவே மறைகுறியிடப்பட்டிருந்தது. அனந்ரெக் என்னும் ஆய்விதழ் மறைகுறியோடும் மறைகுறியின்றியும் அதனை அளந்து, எழுமாற்று வாசிப்பு 62.9 வீதமும், எழுமாற்று எழுத்து 50.5 வீதமும், தொடர் வாசிப்பு 80.7 வீதமும் குறைந்ததாக வெளியிட்டது. இவ்வெண்கள் பொய்யல்ல. ஆயினும் அவற்றை வாசித்தோர் பெற்ற முடிவு, "மறைகுறியாக்கம் கைப்பேசியைக் கெடுக்கும்" என்பதாகும். அக்கைப்பேசியின் முறைவழியாக்கி ஏ.ஈ.எஸ். கட்டளைகள் அற்ற 32 துணுக்கு வகையைச் சேர்ந்தது என்பதே எண்களின் உட்பொருள்.

கூகிள் நிறுவனம் 2015இற் கட்டாயத்தைத் தளர்த்தியது. ஆறாம் பதிப்பில் அது மீண்டும் வந்தபோது ஒரு வரம்போடு வந்தது: ஏ.ஈ.எஸ். வேகம் செக்கனுக்கு 50 மெகாபைற்றுக்கு மேற்பட்ட கருவிகளுக்கே கட்டாயம். ஒரு வேகச் சோதனை எண், யாருடைய கைப்பேசி பூட்டப்படும், யாருடையது திறந்து கிடக்கும் என்பதை வகுக்கும் கோடாயிற்று. மலிவான கைப்பேசியையே வாங்கக்கூடியோர் அக்கோட்டுக்குக் கீழே நின்றனர். ஏ.ஈ.எஸ். கட்டளைகள் இல்லாத கோர்ரெக்ஸ் ஏ7 போன்ற எளிய முறைவழியாக்கியிலும் ஏ.ஈ.எஸ். முறையைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகமாக ஓடும் அடியான்ரம் என்னும் வேறொரு முறையை அதே நிறுவனம் 2019இல் வெளியிட்டது. அவ்வாண்டில் வந்த பத்தாம் பதிப்பு முதல் புதிய கருவிகள் யாவற்றுக்கும் மறைகுறி கட்டாயமாயிற்று. பொறிக்குப் பொருந்திய முறையைத் தேடியிருந்தால் அக்கோடு தேவைப்பட்டிராது என்பது எமது கருத்து.

வேகக் கணிப்பின் வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் ஆய்வு, கிளவுட்பிளெயர் நிறுவனத்துப் பொறியியலாளர் இக்னாற் கோர்ச்சாகின் 2020 மார்ச்சில் வெளியிட்டதாகும். அவர் சந்தேகத்தைப் படிப்படியாகப் பிரித்தார். வட்டின் குறையை விலக்குவதற்காக நினைவகத்தையே வட்டாகப் பாவித்தார். மறைகுறியின்றி அது செக்கனுக்கு ஏறக்குறைய 1126 மெகாபைற் தந்தது. மறைகுறிக் கணக்கு மாத்திரம் செக்கனுக்கு ஏறக்குறைய 1823 மெகாபைற் வேகத்தில் ஓடக்கூடியது என லினக்ஸிலுள்ள சோதனைக் கருவி கூறியது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதாயின் எதிர்பார்க்கத்தக்க வேகம் என்ன? ஒரு துண்டு தரவுக்குச் செலவாகும் இரு நேரங்களையும் கூட்டவேண்டும். அவ்வாறு கூட்டினால் விடை 696. கிடைத்ததோ 147.

இவ்விடத்திற் சாதாரணமானவர் "மறைகுறி ஏழு மடங்கு தாமதம்" என்று எழுதி எழுந்திருப்பார். அவரோ 696க்கும் 147க்கும் இடையே மறைந்தது எங்கே என்று தேடினார். காவலன் குற்றவாளியல்லன், அவனைச் சூழ்ந்திருந்த வரிசைகளே குற்றவாளிகள். ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு வரிசையிலிருந்து மற்றொரு வரிசைக்கு மாற்றப்பட்டு, ஒவ்வொன்றிலும் முறை வரும்வரை காத்துநின்றது. அவ்வரிசைகளுட் சில, சுழலும் வட்டுகளின் நன்மைக்காகச் சேர்க்கப்பட்டவை. விரைவான வட்டில் அவை வெறுஞ் சுமையாயின. அவற்றைத் தவிர்க்கும் தெரிவுகள் அவ்வாண்டின் ஒக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 5.9ஆம் கருவிற் சேர்ந்தன. பூங்காவில் எழுதப்பெற்ற கட்டளை மறைகுறியாளனின் மேசையிலன்றி, அவன் அறைக்கு வெளியே கூடையிற் கிடந்து தாமதித்ததற்கு இதனை ஒப்பிடலாம்.

அக்கருவி கூறிய 1823 என்ற எண்ணும் தனித்து நின்றால் மயக்குவதே. அது நினைவகத்தில் மாத்திரம் நிகழும் சோதனை. வட்டை அது தொடுவதில்லை. அதனை இயக்கும்போது அக்கருவி தானே அவ்வாறு அறிவிக்கின்றது. அறிவிப்பு முதல் வரியில் இருப்பதாற் போலும், எவரும் அதனை வாசிப்பதில்லை.

மறுபுறத்தில், தாமதமே இல்லை என்னும் எண் தந்த ஏமாற்றம் இன்னும் கொடியது. வட்டே தனக்குள் மறைகுறியிட்டுக்கொள்ளும் வகையிற் சில திண்மநிலை வட்டுகள் விற்கப்பட்டன. அவற்றின் வேகம் மறைகுறியோடும் இன்றியும் ஒன்றே. பிற்லொக்கரும் அத்தகைய வட்டைக் கண்டால் தன் வேலையை அதனிடம் ஒப்படைத்தது. நெதர்லாந்தின் றாட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மையர், பேர்ணாட் வான் காஸ்ரல் ஆகிய இருவரும் அவற்றை ஆராய்ந்து 2018 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். குறூசியல், சாம்சுங் நிறுவனங்களின் வட்டுகள் சிலவற்றில், கடவுச்சொல் தெரியாமலே தரவை மீட்க முடிந்தது. சிலவற்றிற் கடவுச்சொல்லுக்கும் மறைகுறிச் சாவிக்கும் எவ்விதப் பிணைப்பும் இருக்கவில்லை. கதவும் இருந்தது, பூட்டும் இருந்தது. பூட்டுக் கதவோடு சேர்ந்திருக்கவில்லை. 2019 செப்டெம்பரில் மைக்ரோசொப்ற் தனது வழக்கத்தை மாற்றி, மென்பொருள் மறைகுறியையே இயல்பாக்கியது. அம்மாற்றத்தின் விலையை நான்கு ஆண்டுகளின் பின் ரொம்ஸ் ஹாட்வெயார் இதழ் அளந்தது. 2023 ஒக்டோபரில் அது வெளியிட்ட சோதனையின்படி, மென்பொருள் பிற்லொக்கர் சில வேலைகளில் ஒரு திண்மநிலை வட்டின் வேகத்தை 45 வீதம் வரை குறைத்தது. "வரை" என்ற சொல்லை விட்டுவிட்டு அவ்வெண்ணை மேற்கோள் காட்டுவோர் பலர்.

இனிக் கண்டி நிலையத்துக்கு மீள்வோம். அவர்களிடம் இரண்டு அளவைகள் இருந்தன. மறைகுறியை முதன்முதல் இட்டபோது தொழினுட்ப உதவியாளர் ஒருவர் பூச்சியக் கோப்பொன்றை எழுதிப் பார்த்து, தாமதம் சிறிதும் இல்லை என்று எழுதிவைத்திருந்தார். கோப்பு நினைவகத்தின் அளவிற் காற்பங்கும் இல்லை. அவ்வெண் எதனை அளந்தது என்பது இப்போது வாசகர்க்குத் தெரியும். காலப்போக்கிற் பத்திரங்களைத் திறக்க நேரமாகின்றது என்று இலிகிதர்கள் முறையிடவே, வேறொருவர் வந்து அளந்தார். இவர் கவனமானவர். கணனியை மீளத் தொடக்கி, பெரிய கோப்பைக்கொண்டு, வட்டின் மறைகுறியிடாத கூற்றையும் மறைகுறியிட்ட கூற்றையும் தனித்தனியே வாசித்தார். இரண்டாவது முதலாவதின் ஏறக்குறைய அரைவாசி. முடிவு ஐயத்துக்கு இடமற்றதாகத் தோன்றியது.

நாம் முதலிற் பார்த்தது முறைவழியாக்கியை. ஏ.ஈ.எஸ். கட்டளைகள் அதில் இருந்தன. நினைவகச் சோதனையில் அது, அச்சுழல்வட்டினால் எந்நாளும் தரமுடியாத வேகத்தின் பன்மடங்கைக் காட்டிற்று. காவலன் வட்டைவிட மிக விரைந்தவனாயின், வட்டுக்காக அவன் காத்திருப்பானேயன்றி அவனுக்காக வட்டுக் காத்திராது. எனவே மறைகுறியிட்ட அதே கூற்றை மறைகுறியை விடுவிக்காமல், உள்ளிருக்கும் பொருளற்ற துணுக்குகளாகவே வாசித்துப் பார்த்தோம். அவ்வாறு வாசித்தபோதும் வேகம் அரைவாசியே. காவலனை விலக்கிய பின்னரும் தாமதம் அவ்வாறே நின்றது.

காரணம் வட்டின் வடிவத்தில் இருந்தது. சுழலும் வட்டு ஒரே வேகத்திற் சுற்றுகின்றது. விளிம்பிலுள்ள தடம் நீளமானது, நடுவையொட்டிய தடம் குறுகியது. ஒரு சுற்றுக்கு விளிம்பிற் கிடைக்கும் தரவு உட்புறத்திற் கிடைப்பதன் இருமடங்கை அணுகும். வட்டின் தொடக்கக் கூறு விளிம்பிலும் இறுதிக் கூறு உட்புறத்திலும் அமைவது வழக்கம். பணிசெயல் முறைமையை முதலில் நிறுவி, எஞ்சிய இடத்தைப் பத்திரங்களுக்கு ஒதுக்கி மறைகுறியிட்டிருந்தனர். கவனமான அம்மனிதர் அளந்தது வட்டின் வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டையே.

இலிகிதர்களின் முறைப்பாடு இதனோடும் முடியவில்லை. ஒவ்வொரு பத்திரத்தின் ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பாக, யாவும் ஒரே கோப்புறையிற் குவிந்திருந்தன. ஒரு குடும்பத்தின் கோவையைத் திறப்பதற்கு வட்டின் வாசிப்புத்தலை இங்கும் அங்குமாக ஓடவேண்டியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு கோப்பு என மாற்றியமைத்ததும் முறைப்பாடு பெரும்பாலும் ஓய்ந்தது. இதற்கும் மறைகுறிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

பிறரின் பிழையைக் கூறிய நாம் எமது பிழையையும் மறைத்தலாகாது. பின்னர் நிலையத்தார் புதிய திண்மநிலை வட்டொன்று வாங்கினர். நாம் அதனை முதலில் மறைகுறியின்றியும், பின்னர் மறைகுறியிட்டும் அளந்து, பின்னையதில் எழுதும் வேகம் வெகுவாகக் குறைவதைக் கண்டு, மேற்சொன்ன வரலாற்றையெல்லாம் அறிந்திருந்தும், மறைகுறியையே ஐயுற்றோம். இரண்டு நாள் சென்றபின், அளக்கும் ஒழுங்கைத் தலைகீழாக்கிப் பார்க்கவேண்டும் என்று எம்முள் ஒருவருக்குத் தோன்றிற்று. வட்டை முற்றாக வெறுமையாக்கி மறைகுறியை முதலில் அளந்தபோது அதுவே விரைவாக நின்றது. புதிய திண்மநிலை வட்டு, முதலில் வரும் தரவைத் தன்னுள்ளிருக்கும் விரைவான சிறு பகுதியில் ஏற்கும். அது நிரம்பியதும் தன் இயல்பான வேகத்துக்கு இறங்கும். எப்பரீட்சை முதலில் நடந்ததோ அதுவே வென்றது. மறைகுறியிடுமுன் வட்டு முழுவதையும் எழுமாற்றுத் தரவால் நிரப்பியிருந்தமையும் அதற்குத் துணையாயிற்று. அவ்வாறு நிரப்பிய வட்டு, தன்னிடம் வெற்றிடமே இல்லையென எண்ணிக்கொள்கின்றது. வெற்றிடத்தை அறிவிக்கும் கட்டளையை லினக்ஸின் மறைகுறிப் பகுதி இயல்பாக வட்டுக்குக் கடத்துவதில்லை. கடத்தினால் வட்டில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது வெளியாருக்குப் புலப்படும் என்பதே காரணம். நிலையத்தார் அக்கட்டளையை அனுமதிக்க விரும்பவில்லை. வட்டின் ஒரு பகுதியை மறைகுறி இடுமுன்னரே ஒதுக்கி வெறுமையாக விட்டனர்.

மறைகுறி நீக்கப்படவில்லை. நிலையத்திலுள்ள பதிவேட்டில் இப்பொழுது வேகத்தை எழுதும் பக்கத்திற் புதிய நிரல்கள் சில உள: கோப்பின் அளவு, அதனுள் இருந்தது யாது, வட்டின் எப்பகுதி, கணனியை மீளத் தொடக்கியபின்னா, இதற்கு முன் எதனை அளந்தீர். இலிகிதர் ஒருவர் இவற்றுக்கு மேலதிகமாக எம்மிடம் வேறொன்று கேட்டார். கடவுச்சொல் தலைமை இலிகிதர் ஐயாவுக்கு மாத்திரமே தெரியும். அவருக்கு ஏதும் நேர்ந்தால் இத்தனை குடும்பத்தின் பத்திரங்களும் என்னாகும்? அம்மறைகுறி முறையில் ஒரே வட்டுக்குக் கடவுச்சொற்கள் பலவற்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கடவுச்சொல் ஒன்றை இட்டு, தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, நிலையத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் ஒப்படைத்தோம்.